ஒருநாளும் நடுரோட்டில் விட்டதில்லை

பத்மினிக்காரரிடம் வண்டிப் பேச்சை எடுத்தால் முதலில் வருவது எப்போதும் இந்த வரிதான்: "முப்பத்தேழு வருஷம் ஆச்சு சார். ஒரு நாள், ஒரே ஒரு நாள் என்னை நடுரோட்டுல விட்டதில்லை." சத்தியமான பேச்சு. அந்த வண்டி நின்றதெல்லாம் ரோட்டோரத்தில்தான். இத்தனை வருஷமாக இடது ஓரத்தை விட்டு அவர் நகர்ந்ததே கிடையாது. எஞ்சின் ஒரு தடவை இருமினால் போதும், இன்னும் எவ்வளவு தூரம் உருளும், எந்த மரத்தடியில் போய் நிற்கும் என்று சொல்லிவிடுவார். பெங்களூர் ஓசூர் ரோட்டில் மரங்கள் குறையக் குறைய அவர் படும் விசனம் சுற்றுச்சூழல் சம்பந்தப்பட்டது என்று பலர் தப்பாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

வண்டி 1988இல் வாங்கிய பிரீமியர் பத்மினி. கிரீம் கலர், ஸ்டியரிங் தண்டிலேயே கை கியர், முன்னால் மூன்று பேர் நெருக்கி உட்காரும் பெஞ்சு சீட். எங்கள் பேட்டையில் இந்த மாதிரி ஆள் முளைத்ததில் அதிசயம் ஒன்றுமில்லை. அடுகோடி மைக்கோவின் நிழலில் வளர்ந்தது. 1951இல் தொடங்கிய மைக்கோ, அதாவது மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனி, இங்கே ஸ்பார்க் பிளக்கும் டீசல் பம்பும் செய்தது. திருப்பத்தூர், வாணியம்பாடி, கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து வந்த எத்தனையோ தமிழ்க் குடும்பங்களுக்குச் சோறு போட்ட வாசல் அது. 2008இல் பாஷ் என்று பெயர் மாற்றிக்கொண்டது, உற்பத்தி மெல்ல மெல்ல பிடதிக்குப் போனது. 2022 ஜூனில் அதே வளாகத்தை ஸ்பார்க் நெக்ஸ்ட் என்ற புதுப் பெயரில் பிரதமர் காணொலி வழியே திறந்துவைத்தார். இப்போது உள்ளே கம்ப்யூட்டர் வேலை. பத்மினிக்காரர் அந்த கேட்டைத் தாண்டும்போதெல்லாம், "ஸ்பார்க் பேர்ல மட்டும் இருக்கு" என்பார். அங்கே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர்.

ஆகவே பிளக் விஷயத்தில் அவரை யாரும் ஏமாற்ற முடியாது. ஞாயிறு காலை காபிக்குப் பிறகு நாலு பிளக்கையும் கழற்றி, பழைய தினத்தந்தி மேல் வரிசையாக வைத்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஜாதகம் பார்ப்பதுபோல் ஒவ்வொன்றாகப் பார்ப்பார். முனை கரிபிடித்திருந்தால் பெட்ரோல் அதிகம் குடிக்கிறது. வெள்ளையாக இருந்தால் காற்று அதிகம், சூடு ஏறுகிறது. மாரி பிஸ்கட் நிறத்தில் இருந்தால் சுபம். மூன்றாவது பிளக்கில் எண்ணெய்ப் பிசுக்கு தெரிந்தால் மட்டும் முகம் சற்று வாடும். ரிங் தேய்கிறது என்று அர்த்தம். அன்று மத்தியானம் சாப்பாட்டில் உப்பு குறைவு என்று சண்டை வரும்.

வண்டி கிளம்புவதைப் பார்க்க வேண்டும். சோக்கை முழுசாக இழுப்பார். ஆக்சிலேட்டரை இரண்டு முறை மிதிப்பார், மூன்றாவது மிதி மிதித்தால் எஞ்சினில் பெட்ரோல் வெள்ளமடிக்கும். டேஷ்போர்டுப் பிள்ளையாரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். பிறகு செல்ப். முதல் முறை எடுக்காது. எடுக்கக் கூடாது, அதுதான் அதன் சுபாவம் என்பார். இரண்டாவது செல்ப்பில் பின்சீட்டில் இருக்கும் அவர் சம்சாரம் கைப்பையிலிருந்து போனை எடுத்து நம்ம யாத்ரி ஆட்டோ ஆப்பைத் திறப்பார். மூன்றாவதற்குள் ஆட்டோ புக் ஆகிவிடும். நாலாவதில் வண்டி உறுமிக்கொண்டு எழும், ஆட்டோ கேன்சலாகும். இந்தக் கேன்சல்களால் அந்த அம்மாளுக்கு ஆட்டோ ஆப்பில் நல்ல பெயர் இல்லை. "நம்பிக்கையா இல்லையா?" என்று இவர் திரும்பிக் கேட்பார். "வண்டி மேல நம்பிக்கை இருக்குங்க. முகூர்த்தம் ஒன்பதரைக்கு" என்பார் அவர்.

'எல்லாம் ஒரிஜினல்' என்பது அவருடைய இரண்டாவது மந்திரம். கொஞ்சம் கிளறினால் கதை வேறு. எஞ்சின் ஒரு முறை போர் அடித்தது. கிளட்ச் பிளேட் எத்தனாவது என்று அவருக்கே ஞாபகமில்லை. கதவின் கீழ்ப்பக்கம் டிங்கரிங், பெயின்ட் இரண்டு கோட்டு, சீட்டு ரெக்சின் சிவாஜிநகரில் தைத்தது. நம்பர் பிளேட்டாவது பழசாக இருந்தது. 2019 ஏப்ரலுக்கு முன்னால் பதிவான வண்டிகளெல்லாம் உயர்பாதுகாப்பு பிளேட் மாட்ட வேண்டும் என்று கர்நாடக அரசு சொன்னதும் அதுவும் போயிற்று. மீட்டரில் 43 ஆயிரத்துச் சொச்சம் காட்டுகிறது. ஐந்து இலக்க மீட்டர், 99,999க்குப் பிறகு மறுபடியும் சுழியிலிருந்து. இது இரண்டாவது சுற்றா மூன்றாவதா என்று கேட்டால், "ஓடற வண்டிக்கு ஏன் சார் வயசு கணக்கு" என்று பேச்சை மாற்றுவார்.

அவருடைய நம்பிக்கையெல்லாம் காரின் மேல் என்று ஊர் நினைக்கிறது. நான் கவனித்தவரையில் அப்படி இல்லை. அது முழுக்க முழுக்க பாயின் மேல். வில்சன் கார்டன் சந்து ஒன்றில் ஒரு புங்கமரத்தடியில் ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக் பாய்க்கு இப்போது அறுபத்தெட்டு வயது. பத்மினியின் கார்புரேட்டரைக் காதால் டியூன் செய்யத் தெரிந்தவர், இவருக்குத் தெரிந்து, இந்தப் பக்கத்தில் அவர் ஒருவர்தான். ஆகவே காருக்குச் செய்ய வேண்டிய சர்வீஸையெல்லாம் பத்மினிக்காரர் பாய்க்குச் செய்கிறார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை. வருஷத்துக்கு ஒருமுறை ஜெயதேவா ஆஸ்பத்திரியில் இசிஜி. காலையில் லால்பாக்கில் நடைப்பயிற்சி, கட்டாயம். ரம்ஜான் அன்று பாய் வீட்டுக்குப் போய் ஷீர் குர்மாவை முதலில் இவர் ருசி பார்த்து, "சர்க்கரை ஜாஸ்தி, பாய்க்கு அரை கப் போதும்மா" என்று அந்த வீட்டு மருமகளிடமே சொல்லும் உரிமை பெற்றவர்.

"உங்க சுகர் இருநூத்தி நாப்பதுக்குப் போனா என் வண்டி கதி என்ன பாய்?"

"உன் வண்டி இருக்கிறவரைக்கும் என்னைச் சாக விடமாட்டே அண்ணா, தெரியும்."

பாயின் மகன் பெரிய ஷோரூம் ஒன்றில் வேலை. புதுக் கார் எதுவானாலும் டேஷ்போர்டுக்கு அடியில் ஸ்கேனரைச் சொருகி, என்ன கோளாறு என்று நம்பரில் படித்துவிடுவான். ஒரு பக்ரீத் லீவில் ஆசையாகப் பத்மினியைப் பார்க்க வந்தவன், குனிந்து தடவிப் பார்த்துவிட்டு, "சொருக இடம் எங்கே அங்கிள்?" என்றான். பத்மினிக்காரர் அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தார். அன்று ராத்திரி அவருக்குத் தூக்கம் இல்லை. பாய்க்குப் பிறகு ஆள் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. மறுநாளிலிருந்து பாயின் காலை நடை அரை மணியிலிருந்து முக்கால் மணியானது.

உதிரிப்பாகம் பற்றிப் பயம் இல்லை. ஜே.சி. ரோடு இருக்கிறது. அங்கே கிடைக்காதது சிவாஜிநகர் குஜ்ரியில், பழைய சாமான் கடைகளில், கிடைக்கும். அங்கேயும் கிடைக்காவிட்டால் அவர் கட்டிலுக்கடியில் இருக்கும். மும்பையில் கடைசி பத்மினி டாக்சி 2023 அக்டோபரில் ஓய்வு பெற்றது. இருபது வருஷக் கெடு முடிந்து அது ரோட்டை விட்டு இறங்கிய செய்தியைப் பேப்பரில் படித்துவிட்டு ஊரே உச்சுக்கொட்டியது. இவர் மட்டும் மும்பையிலிருக்கும் மச்சினனுக்குப் போன் போட்டு, "அங்க பெட்ரோல் பம்ப் சல்லிசா வரும், பார்த்து வை" என்றார்.

அவருக்கு ஜன்ம எதிரி ஒருவர் உண்டு, அடுத்த தெரு மாருதி 800 வாத்தியார். இரண்டு பேரும் லக்கசந்திரா டீக்கடையில் சந்தித்தால் பாகிஸ்தான் எல்லை. "மூணு சிலிண்டர் இருந்தா அது கார் ஆகுமா?" என்று இவர் ஆரம்பிப்பார். 1983 டிசம்பரில் வந்த அந்தச் சின்ன வண்டிதான் உங்கள் பத்மினியைப் பழைய இரும்பாக்கியது, 25 லட்சத்துக்கு மேல் விற்றது என்று வாத்தியார் புள்ளிவிவரம் போடுவார். "பெங்களூர்ல 2010லயே விற்கக் கூடாதுன்னுட்டானே, புகை டெஸ்டுல" என்பார் இவர். அது உண்மைதான். பாரத் 4 விதி பதின்மூன்று நகரங்களுக்கு வந்தபோது இங்கே 800 விற்பனை நின்றது. மற்ற ஊர்களில் 2014 வரை வந்துகொண்டிருந்தது. தன் பத்மினியை அந்தப் புகை டெஸ்டுக்கு நிறுத்தினால் மெஷின் என்ன ஆகும் என்பதை இவர் சொல்வதில்லை, வாத்தியாரும் பெருந்தன்மையாகக் கேட்பதில்லை. இரண்டு பேருக்கும் வண்டி பார்ப்பது அதே பாய்.

அரசாங்கம் அவரைப் பலமுறை வீழ்த்தப் பார்த்தது. 2000இல் ஈயம் கலந்த பெட்ரோல் நின்றபோது வால்வு போய்விடும் என்றார்கள், போகவில்லை. இப்போது எத்தனால் இருபது சதவீதம். 2023க்குப் பிறகு வந்த வண்டிகள் அதற்குத் தோதாகச் செய்யப்பட்டவை. பழைய வண்டியில் ரப்பர் ஹோசும் பெட்ரோல் பம்பின் டயாப்ரமும் ஊறி உப்பிப்போகின்றன. பழைய வண்டிகளில் சில ரப்பர் பாகங்களை மாற்றினால் போதும், சாதாரண சர்வீஸ்தான் என்கிறது மத்திய அமைச்சகம். பாய் ஒரே மத்தியானத்தில் மாற்றிக் கொடுத்தார். பில் முந்நூறைத் தாண்டவில்லை. ஆனால் இருபது வருஷம் தாண்டிய காருக்குப் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் பத்தாயிரம் ரூபாயாக்கியபோது மட்டும் அவர் ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. எழுபதுகளில் இருப்பவர். "என் பென்ஷனுக்கு ஆயுள் சர்டிபிகேட் ஓசியில தர்றான், வண்டிக்குப் பத்தாயிரமா?" என்று எட்டாம் நாள் வாயைத் திறந்தார்.

அவர் சொல்வதில் எவ்வளவு தேறும்? ஒரு பாதி தேறும். கார்புரேட்டரும் பாயிண்டும் உள்ள வண்டியில் நோய்கள் குறைவு, எல்லாம் கண்ணுக்குத் தெரிந்தவை. பாயிண்டில் கரி பிடித்தால் உப்புத்தாளால் தேய்த்துவிட்டுக் கிளம்பலாம். வெயிலில் டிராபிக்கில் நின்று பெட்ரோல் ஆவியாகிப் பைப்பில் அடைத்தால், பம்பின் மேல் ஈரத்துணி போட்டுக் கால் மணி காத்திருந்தால் சரி. புதுக் காரில் சின்ன சென்சார் ஒன்று போனாலும் டோ வண்டிதான். அதே சமயம், புதுக் கார் அந்தக் கால் மணியைக் கேட்பதே இல்லை. அது லட்சம் கிலோமீட்டரை ஆயில் மாற்றியே கடந்துவிடும். பெங்களூரின் உலர்ந்த காற்றும் இவருக்குத் துணை. இதே வண்டி சென்னையில் கடற்கரைப் பக்கம் நின்றிருந்தால் அடித்தகடு இந்நேரம் அப்பளமாக நொறுங்கியிருக்கும்.

தேறாத பாதி ஆபத்தானது. "அந்தக் காலத்து இரும்பு சார், இடிச்சா இடிச்சவன்தான் போவான்" என்பார். புதுக் காரின் முன்பகுதி நசுங்குவதற்கென்றே செய்தது. அது நசுங்கும்போது மோதலின் வேகத்தைத் தான் வாங்கிக்கொள்கிறது. நசுங்காத இரும்பு அந்த வேகத்தை உள்ளே இருப்பவர் நெஞ்சுக்குக் கைமாற்றிவிடும். பத்மினியில் ஏர்பேக் இல்லை, நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். அடுகோடி சிக்னலில் நிற்க வேண்டுமானால் லக்கசந்திராவிலேயே மிதிக்கத் தொடங்கிவிடுவார். சேலம் போகும்போது தொப்பூர் இறக்கத்தில் அவர் சம்சாரம் கண்ணை மூடிக்கொண்டு கந்த சஷ்டி கவசம் சொல்வதைப் பக்தி என்று அவர் உறவினரிடம் பெருமை பேசுவது எனக்குச் சம்மதமில்லை. பேரப்பிள்ளைகளை அந்த வண்டியில் நெடுஞ்சாலைக்குக் கூட்டிப் போகாதீர்கள் என்று சொல்லியிருக்கிறேன். மகள் சொல்லியபிறகுதான் கேட்டார்.

விற்கச் சொன்னால் கோபம் வராது. விலை சொல்வார், புதுக் காரை விட அதிகமாக. ஐம்பது வயதான வண்டிகளை விண்டேஜ் என்று தனி வரிசையில் பதிவு செய்ய 2021இல் மத்திய விதி வந்தது. அவர் கணக்குப் போட்டுவைத்திருக்கிறார்: 2038இல் பத்மினிக்கு ஐம்பது. "அப்போ பாருங்க விலையை." பாய்க்கு அன்று எண்பத்தொன்று ஆகும். விண்டேஜ் வண்டியைத் தினசரி ரோட்டில் ஓட்டக் கூடாது என்று விதியில் இருப்பதை அவரிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை. நீங்களும் சொல்லாதீர்கள்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். ஓசூர் ரோட்டில், அடுகோடி போலீஸ் குவார்ட்டர்ஸ் பக்கம், இடது ஓரமாக ஒரு கிரீம் கலர் பத்மினி பானட்டைத் திறந்துகொண்டு நின்றால், பின்னால் நின்று ஹாரன் அடிக்காதீர்கள். இறங்கி ஒரு கை கொடுங்கள். அவர் இரண்டாவது கியரில் கிளட்சை மிதித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நாலு பேர் தள்ளினால் இருபது அடியில் எடுத்துவிடும். நன்றி சொல்ல நிற்கமாட்டார். நிறுத்தினால் மறுபடி தள்ள வேண்டும்.