தண்ணீர் குடிக்கும் லோரி

சிலிம் ரிவரில் யாராவது பழைய லோரி வாங்கிவிட்டால், அதன் பிறகு அவரை யாரும் நலம் விசாரிப்பதில்லை. "லோரி எப்படி இருக்கு?" என்றுதான் கேட்பார்கள். என் மச்சான் செம்பனைக் குலை ஏற்ற ஒரு டன் லோரி வாங்கியதிலிருந்து எங்கள் வீட்டுக்கும் அதே மரியாதைதான். லோரியைக் குறை சொல்வதற்கில்லை. கியர் விழுந்தது, பிரேக் பிடித்தது, ஹார்ன்கூட அடித்தது. ஒரே ஒரு பழக்கம்தான்: தண்ணீர் குடித்தது. காலையில் ரேடியேட்டரை நிரப்பி அனுப்பினால், சாயங்காலம் தாகத்தோடு வந்து நிற்கும். அடியில் குனிந்து பார்த்தால் ஒரு சொட்டு ஈரம் இருக்காது.

விற்றவருக்குப் போன் போட்டோம். "நம்ம ஊரு வெயிலுக்கு எல்லா லோரியும் குடிக்கும் அண்ணே. நீங்க குடிக்கலையா?" என்றார். மறுக்க முடியாத வாதம். பெயர் மாற்றத்துக்கு முன் நடந்த பரிசோதனையையும் குறை சொல்ல வழியில்லை. எஞ்சின் நம்பரும் சேசிஸ் நம்பரும் கெரானில் உள்ளபடி இருக்கின்றனவா என்று பார்த்தார்கள், இருந்தன. அந்த எஞ்சினுக்குள் தண்ணீர் தங்குகிறதா என்று எந்தக் கெரானிலும் எழுதியிருப்பதில்லை.

விஷயம் மாமாக் கடைக்குப் போய்ச் சேர்ந்தது. பசியாற வந்தவர்கள் எல்லாரும் டாக்டர்கள் ஆனார்கள். அந்தக் காலத்தில் தோட்டத்து லோரி ஓட்டியதாகச் சொல்லும் பெரியவர், "ரெண்டு முட்டை உடைச்சு வெள்ளைக்கருவை ரேடியேட்டர்ல ஊத்து. ஓட்டை தானா அடைச்சுக்கும்" என்றார். பக்கத்து மேசைக்காரருக்கு முட்டையில் நம்பிக்கை இல்லை. மிளகுத்தூள்தான் சரி என்றார். ரசம் வைக்கிற வரைக்கும் போய்விடுமோ என்று மச்சான் பயந்துபோனார். முட்டை வெந்து ஓட்டையை அடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் எது ஓட்டை, எது ரேடியேட்டரின் மெல்லிய குழாய் என்று முட்டைக்குத் தெரியாது. இரண்டையும் அடைத்துவிடும். கடையில் டப்பாவில் விற்கிற ஒழுகல் மருந்துக்கும் பல சமயம் அதே அறிவுதான்.

மூன்றாமவர் தெர்மோஸ்டாட்டைக் கழற்றச் சொன்னார். "அது குளிர் நாட்டுக்காரனுக்கு. நம்ம ஊருக்கு எதுக்கு?" தீபகற்பம் முழுக்கக் கேட்கும் வசனம் இது. எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் நிறுத்தி வைப்பதுதான் தெர்மோஸ்டாட்டின் வேலை. அதைக் கழற்றிவிட்டால் எஞ்சின் தன் சூட்டுக்கு வரவே நேரமாகும். டீசல் கூடக் குடிக்கும். சில எஞ்சின்களில் இன்னும் வேடிக்கை. தெர்மோஸ்டாட் திறக்கும்போதே பக்கவாட்டுக் குறுக்கு வழியையும் மூடுகிற மாதிரி செய்திருப்பார்கள். அது இல்லாவிட்டால் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே எட்டிப் பார்க்காமல் எஞ்சினுக்குள் சுற்றிக்கொண்டிருக்கும். குளிர்விக்கப் போய் கொதிக்க வைத்த கதை.

நான்காமவர் எதுவும் சொல்லவில்லை. எலுமிச்சம்பழம் வாங்கிக் கொடுத்தார். நான்கு வைத்தியத்திலும் பக்கவிளைவு இல்லாதது அதுதான்.

இதற்கிடையில் உறவுக்காரர் ஒருவரின் வீட்டுச் சாமான்களைத் தானா ராத்தாவுக்கு ஏற்றிப் போகும் பொறுப்பு வந்தது. தாப்பாவில் இருந்து ரிங்லெட் வழியாக மலையேறும் பழைய பாதை. வளைவுகள் எண்ணி மாளாது. லாத்தா இஸ்கண்டார் அருவிக்கு அருகில் வரும்போது சூட்டு முள் சிவப்பைத் தொட்டது. சுற்றுலா வந்தவர்கள் அருவியைப் படம் பிடிப்பதை நிறுத்திவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார்கள். அருவியில் கிளம்பிய சாரலைவிட லோரியில் கிளம்பிய ஆவி அதிகம்.

மச்சான் துணியைச் சுற்றிக்கொண்டு மூடியைத் திறக்கப் போனார். கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன். அந்த மூடி வெறும் மூடி இல்லை. பல வண்டிகளில் அது 0.9 பார் அளவுக்கு அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கும். அந்த அழுத்தம் இருக்கும்வரை தண்ணீர் ஏறக்குறைய 118 டிகிரி வரைக்கும் கொதிக்காது. சூடான எஞ்சினில் மூடியைத் திருகினால் அழுத்தம் போய்விடும், அந்த நொடியே தண்ணீர் கொதித்து முகத்தில் அடிக்கும். மலை ஏற ஏற நிலைமை இன்னும் மோசம். ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிற தானா ராத்தாவில் தண்ணீர் 95 டிகிரி சுமாருக்கே கொதித்துவிடும். மூடி கெட்டுப்போன லோரிக்கு அங்கே எஞ்சினும் கெத்தலும் ஒன்றுதான். எஞ்சின் ஆறும்வரை அருவியை ரசித்தோம். நன்றாகவே ரசித்தோம், நேரம் நிறைய இருந்தது.

திரும்பி வந்ததும் வண்டி போமனிடம் போனது. சீனர். பேச்சு குறைவு. நாங்கள் சொன்ன கதையை முழுக்கக் கேட்டுவிட்டு ஒரே வார்த்தையில் கேட்டார்: "ஸ்பேர் டேங்க்?"

"அது எப்பவும் ஃபுல்லா இருக்கு தவுக்கே. அதான் எங்களுக்கும் புரியலை" என்றார் மச்சான் பெருமையாக.

போமன் சிரித்தார். கதையின் வில்லன் அங்கேதான் இருந்தது. எஞ்சின் சூடாகும்போது தண்ணீர் விரிந்து ஸ்பேர் டேங்குக்குப் போகும். ஆறும்போது ரேடியேட்டர் அதைத் திரும்ப உறிஞ்ச வேண்டும். மூடிக்கு நடுவில் அதற்கென்றே ஒரு சிறு வால்வு உண்டு. அது இறுகிப்போனாலோ, ரப்பர் காய்ந்து காற்று நுழைந்தாலோ, போன தண்ணீர் திரும்பாது. ரேடியேட்டர் வறண்டு கிடக்கும். ஸ்பேர் டேங்க் நிறைந்து, எல்லாம் சௌக்கியம் என்று வெளியே காட்டிக்கொண்டிருக்கும்.

மூடி பாதிக் குற்றவாளிதான். மீதி யார்? எஞ்சின் தண்ணீர் போவதற்கு மூன்றே இடம் உண்டு: வெளியே, சிலிண்டருக்குள், இல்லை எண்ணெய்க்குள். எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து பார்த்தார் போமன். உள்ளே தே தாரிக் நிறத்தில் நுரை இருந்திருந்தால் ஹெட் காஸ்கெட் போனதென்று பயப்பட வேண்டியிருக்கும். இல்லை. ரேடியேட்டர் வாயில் குமிழி விடுகிறதா என்று பார்த்தார். இல்லை. காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது வெள்ளைப் புகை? இல்லை. பிறகு எஞ்சின் ஆறிய நிலையில் ரேடியேட்டர் வாயில் ஒரு கைப்பம்பை மாட்டி, மூடியின் அளவுக்கு அழுத்தம் ஏற்றினார். முள் மெல்ல இறங்கியது. டார்ச்சையும் ஒரு சின்னக் கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு ஃபேனுக்குப் பின்னால் நுழைந்தார்.

வாட்டர் பம்பின் அடிவயிற்றில் விரல் நுனிகூட நுழையாத ஒரு துளை. அதைச் சுற்றி ரோஸ் நிறத்தில் உப்புப் பூத்திருந்தது. ஒரு பக்கம் சுண்ணாம்புக் கோடு மாதிரி கீழே இறங்கி, எஞ்சின் சுவரில் காய்ந்து ஒட்டியிருந்தது. பம்பைச் செய்தவர்களே வைத்த துளை அது. உள்ளே சீல் தேய்ந்தால் அந்த வழியாக ஒழுகி, முதலாளிக்குத் தகவல் சொல்வதற்காகவே வைத்தது. எங்கள் லோரி நேர்மையாகத்தான் தகவல் சொல்லியிருக்கிறது. சூடான இரும்பில் விழுந்த சொட்டு தரைக்கு வருமுன்பே ஆவியாகிவிட்டது. மிஞ்சியதை ஃபேன் ஊதிவிட்டது. கீழே ஈரம் தேடினால் எங்கே கிடைக்கும்?

பம்பும் மூடியும் மாறின. மூடிக்கான காசு மாமாக் கடையில் நாலு பேர் பசியாறும் காசுதான். பைப் தண்ணீரை ஊற்றப் போன மச்சானைப் போமன் தடுத்தார். கூலண்டில் துருவைத் தடுக்கும் மருந்து இருக்கிறது. வெறும் தண்ணீர் துருவையும் உப்பையும் சேர்க்கும். சில டீசல் எஞ்சின்களில் சிலிண்டர் லைனரையே பொத்தல் போடும். கூலண்ட் என்பது தண்ணீர் உறைந்து போகாமல் இருக்கத்தான் என்று நினைத்து, நம் ஊரில் தேவையில்லை என்று ஒதுக்குகிறவர்கள் மாமாக் கடையில் இன்னும் நிறையப் பேர் உண்டு.

முட்டை வைத்தியம் சொன்ன, சரித்திரமும் தெரிந்த பெரியவருக்கு மட்டும் திருப்தி இல்லை. 1942 ஜனவரி 7ஆம் தேதி துரோலாக் பக்கத்திலிருந்து இறங்கிய ஜப்பானிய டாங்கிகள், விடியற்காலை தொடங்கி அன்று காலையிலேயே சிலிம் ஆற்றுப் பாலம் வரை வந்துவிட்டன என்பார். "அதே ரோட்ல குலை ஏத்திக்கிட்டு வர உங்களுக்கு அரை நாளாச்சே?" அவர்களை வழிமறித்து முட்டை ஊற்றச் சொல்ல அன்றைக்கு ஆள் இல்லை ஐயா என்று சொல்லிப் பார்த்தோம். ஏற்கவில்லை.

பழைய லோரி வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. காலையில் போங்கள், சொல்லாமல் போங்கள். முதலில் பானெட்டின் மேல் கையை வையுங்கள். ஜில்லென்று இருந்தால் ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீர் மட்டத்தையும் நிறத்தையும் பாருங்கள். ஸ்பேர் டேங்க் சொல்வதை நம்பாதீர்கள். பிறகு உங்கள் கண்முன் ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கள். "உங்களுக்காக முன்னாடியே சூடு பண்ணி வச்சிருக்கேன்" என்று ஒருவர் அன்பாகச் சொன்னால், அவர் தரும் கோப்பியைக் குடித்துவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிடுங்கள்.