விளையாட்டுப் படக்காரரின் பை: ஓர் அடுக்கியல் நோக்கு (கிளேபாங் வட்டாரத்தைச் சிறப்பாகக் கருதி)

ஆய்வுச் சுருக்கம்: காலையில் திடலுக்குப் போய்ப் பொழுது சாயும்வரை விளையாட்டுப் படம் எடுக்கிறவர் பையில் எதை எதை எடுத்துவைக்க வேண்டும் என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இதை இதுவரை யாரும் ஆராயவில்லை. ஆராயத் தேவையில்லாததால்தான் ஆராயவில்லை என்பார் சிலர். அந்த வாதத்தை ஒப்புக்கொண்டால் நம் ஆய்வு நூலகங்களில் பாதி அலமாரியைக் காலி செய்ய வேண்டியிருக்கும். ஆதலால் ஒப்புக்கொள்ளவில்லை.

திறவுச்சொற்கள்: துண்டு, பேட்டரி, ஊக்கு, டத்தோ.

1.0 ஆய்வுக் களம்

மலாக்கா நகருக்கு வடமேற்கே நீரிணையை ஒட்டிக் கிடப்பது கிளேபாங். கடலைத் தூர்த்து உண்டாக்கிய மணல்வெளி, அதன்மேல் காற்று, காற்றோடு மணல், மணலையும் பொருட்படுத்தாமல் தேங்காய் ஷேக் குடிக்க வரிசையில் நிற்கும் கூட்டம். பழைய இலக்கண நெறிப்படி இது நெய்தல். இதில் யாருக்கும் ஐயமில்லை.

உள்நாட்டுப் பக்கம் போகும்போதுதான் சிக்கல். 1896-இல் தான் சே யான் என்பவர் இதே மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். அதிலிருந்து தோட்டங்கள் பெருகின. நம்மவர் கபடியும் கால்பந்தும் ஆடிப் பழகியது அந்தத் தோட்டத் திடல்களில்தான். பால்மரக் காட்டுக்கு எந்தத் திணை? காடு என்பதால் முல்லை என்பர் ஒருசாரார். வாங்கிய சம்பளத்தைப் பார்த்தால் பாலை என்பர் மறுசாரார். இருசாராரும் ஒரே மாநாட்டில் அடுத்தடுத்த நாற்காலியில் அமர்ந்து, ஒருவர் கட்டுரை வாசிக்கையில் மற்றவர் உறங்கினர் என்பது களஆய்வில் தெரியவந்தது. செம்பனையின் திணை பற்றி இருவரும் வாய் திறக்கவில்லை.

2.0 ஆய்வு நெறி

பொருள்களை அகம், புறம் எனப் பிரித்துக்கொள்வோம். பைக்குள் இருப்பது அகம், பைக்கு வெளியே தொங்குவது புறம். இதனால் என்ன தெளிவு பிறந்தது என்று கேட்கக் கூடாது. எதையும் அகம் புறம் என்று பிரித்துவிட்டால் அது ஆய்வு, பிரிக்காவிட்டால் வெறும் சாமான் பட்டியல். கேமரா தமிழர் கண்ட கருவியே என நிறுவும் பணி வேறிடத்தில் நடந்துவருவதாகக் கேள்வி. அதில் நாம் தலையிடவில்லை.

2.1 லென்சு

ஓட்டத்தை நிறுத்திப் பிடிக்க ஷட்டர் எவ்வளவு வேகமாக இருக்க வேண்டும்? நம் நாட்டுக் கணக்கிலேயே பார்ப்போம். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் டாக்டர் எம். ஜெகதீசன் 200 மீட்டரை 20.92 விநாடியில் ஓடினார். அந்தத் தேசியச் சாதனை 49 ஆண்டு அசையாமல் நின்று, 2017-இல் மலாக்காப் பிள்ளை கைருல் ஹஃபிஸ் ஜந்தான் ஓடித்தான் உடைந்தது. ஜெகதீசனின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ ஒன்பதரை மீட்டர். ஷட்டர் 1/1000-இல் இருந்தால், திறந்து மூடும் நேரத்துக்குள் அவர் ஒரு சென்டிமீட்டர் நகர்ந்திருப்பார். படம் கூர்மையாக விழும். 1/60 என்றால் முக்கால் சாண் நகர்ந்திருப்பார். மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் காது வந்திருக்கும்.

வேகத்துக்கு வெளிச்சம் வேண்டும். அது கிளேபாங் வெயிலில் இலவசம். ஆகவே 400 மி.மீ. எஃப் 2.8 லென்சு வேண்டியதில்லை. அதன் எடை மூன்று கிலோவை நெருங்கும், விலை புது மைவி காரை நெருங்கும். 70-200 போதும். பள்ளித் திடலில் பிள்ளைகள் நம்மை நோக்கித்தான் ஓடிவருவார்கள், எல்லைக் கோட்டைத் தாண்டியும். காற்றடிக்கும் மணலில் நின்று லென்சைக் கழற்றி மாட்டுவது மட்டும் கூடாது. உள்ளே போன மணல் கடைக்காரருக்கு வருமானம்.

2.2 பேட்டரி

கூடுதலாக மூன்று. மூன்றாவது எதற்கு என்பது 5.0-இல் விளங்கும்.

2.3 மெமரி கார்டு

பிலிம் காலத்தில் ஒரு சுருளுக்கு 36 படம். அளந்து அளந்து எடுத்தார்கள். இப்போதைய சில கேமராக்கள் விநாடிக்கு 20 படம் அள்ளுகின்றன. இதனால் நல்ல படங்கள் கூடினவா என்ற கேள்வியை, ஆய்விதழ்கள் பெருகியதால் நல்ல ஆய்வுகள் கூடினவா என்ற கேள்வியோடு சேர்த்து வேறொரு சமயம் பார்த்துக்கொள்ளலாம்.

2.4 ஊக்கு

ஓர் அட்டை. சட்டையில் எண் குத்த டீச்சர் கேட்பார்.

2.5 நாசி லெமாக்

ஒரு பொட்டலம். சம்பல் கசியும்.

2.6 தண்ணீர்

1998 கோலாலம்பூர் காமன்வெல்த் விளையாட்டில் ஜி. சரவணன் தங்கம் வென்ற 50 கிலோமீட்டர் நடைக்கு நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆனது. நடந்தவருக்குத் தண்ணீர் கொடுக்க வழியெங்கும் ஆள் உண்டு. படம் எடுக்க நிற்பவருக்கு யாரும் கொடுப்பதில்லை.

2.7 நிகழ்ச்சி நிரல்

அச்சிட்ட தாளே வேண்டும். எந்த இல்லம் எந்த நிறம் என்று அதில்தான் இருக்கும். நம் தமிழ்ப்பள்ளிகளில் விளையாட்டு இல்லங்களுக்குப் புலவர் பெயர் வைப்பதுண்டு. கயிறு இழுக்கும் போட்டியில் கம்பர் இல்லமும் பாரதி இல்லமும் மோதினால் இரண்டு நிமிடத்தில் முடிவு தெரிந்துவிடும். இலக்கியத் துறைகளில் அதே கயிறு இன்னும் இழுபட்டுக்கொண்டுதான் இருக்கிறது. அங்கே நடுவரும் கயிற்றைப் பிடித்திருக்கிறார்.

2.8 மழைக்கு எதிரானவை

நீரிணைக்கு அந்தப் பக்கம் சுமத்ரா. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில், விடிவதற்குச் சற்று முன்னும் பின்னுமாக அந்தப் பக்கமிருந்து கிளம்பி வரும் சூறைமழைக்கே அந்தத் தீவின் பெயரை வைத்திருக்கிறார்கள். ஒன்றிரண்டு மணி நேரம் அடித்து ஓய்ந்துவிடும். அதற்குள் 100 மீட்டர் ஓட்டம் நீச்சலாகிவிடும். கறுப்புக் குப்பைப் பை இரண்டு எடுத்துவைக்கவும், ஒன்று கேமராவுக்கு, ஒன்று தமக்கு. ஒன்றுதான் இருக்கிறது என்றால், கேமராவின் தவணைப் பணம் கட்டி முடிந்ததா இல்லையா என்பதைப் பொறுத்து முடிவு செய்க. ஏர்கோன் போட்ட காரிலிருந்து இறங்கியதும் பையைத் திறந்தால் லென்சில் ஆவி படியும். மூடிய பையை அப்படியே கொஞ்ச நேரம் வெளியே வைத்து, உள்ளே சூடு ஏறிய பிறகு திறக்கவும்.

3.0 துண்டு

இனி இக்கட்டுரையின் உயிர்நிலைக்கு வருகிறோம்.

3.1 வரையறை

இங்கே துண்டு எனப்படுவது வேட்டியோடு போடும் சரிகைத் துண்டன்று. பொன்னாடையும் அன்று, பொன்னாடை வியர்வையை உறிஞ்சாது, மாநாட்டு மேடைகளில் அது வேறு என்ன செய்கிறது என்பது தனி ஆய்வு. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் லோரிக்காரர் கழுத்திலும் காப்பிக்கடைக்காரர் தோளிலும் காணப்படும் 'குட் மார்னிங்' துண்டையே இக்கட்டுரை துண்டு என்கிறது. வெள்ளைப் பருத்தி, அதில் சிவப்பாக நான்கு சீன எழுத்து, கூடவே ஆங்கிலத்தில் அதே காலை வணக்கம்.

3.2 சாசனமும் காலக் கணிப்பும்

இருமொழிச் சாசனங்கள் அரியவை. துவைக்கத்தக்க இருமொழிச் சாசனம் இது ஒன்றே எனத் துணிந்து கூறலாம். இதன் காலத்தைச் சிவப்பின் அடர்த்தி கொண்டு கணிப்பது நம் முறை. எழுத்து பளிச்சென்று இருந்தால் அது பிற்காலம். சிவப்பு வெளிறி ரோஜா நிறமானால் இடைக்காலம். எழுத்து போய், யாரோ எப்போதோ வணக்கம் சொன்ன தடம் மட்டும் தெரிந்தால் அது சங்க காலம். இங்கே சங்கம் என்றது தோட்டத் தொழிலாளர் சங்கத்தை. (மறுப்பு: வெளுப்பு மருந்தில் ஓர் இரவு ஊறவைத்தால் எந்தத் துண்டையும் சங்க காலத்துக்குக் கொண்டுபோய்விடலாம் என்கிறார் ஓர் அம்மா. வாய்மொழி, பின்கட்டு, கையில் சவர்க்காரம் இருந்ததால் மேற்கொண்டு விசாரிக்கத் துணியவில்லை.)

3.3 தோற்றம்

1878-இல் கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் முய்பிரிட்ஜ் என்பவர் பாயும் குதிரையைப் படமெடுத்தார். ஓடுபாதை ஓரம் கேமராக்களை வரிசையாக நிறுத்தி, குறுக்கே நூல் கட்டி, குதிரை ஓடி நூல் அறுபடும்போது ஒவ்வொன்றாகப் படம் விழும்படி செய்தார். நான்கு காலும் ஒரே நேரத்தில் தரையை விட்டுக் கிளம்புமா என்ற கேள்விக்கு விடை கிடைத்தது: கிளம்பும். உலகம் அன்றிலிருந்து அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டிருக்கிறது. ஆய்வாளன் பார்க்க வேண்டியது குதிரைக்குப் பின்னால். அங்கே, வெளிச்சத்தைத் திருப்பியடிக்க நீளமாக ஒரு வெள்ளைத் திரை இருந்தது!

ஆக, விளையாட்டுப் படக்கலை பிறந்த இடத்திலேயே வெள்ளைத் துணி இருந்தது என்பது பெறப்படும். அந்தத் திரையைப் பிற்பாடு சிறுசிறு துண்டாக வெட்டிச் சிவப்பில் வணக்கம் அச்சடித்தார்கள் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. சான்று கிடைக்காதது மறுப்பாகாது. மூழ்கிய கண்டங்களைப் பற்றி விரிவாக எழுதும் பெருமக்கள் நமக்குக் கற்றுத்தந்த நெறி இது.

3.4 மூன்று கொள்கையர்

துண்டை எங்கே போடுவது என்பதில் தோளார், கழுத்தார், தலையார் என முத்தரப்பு உண்டு. தோளில் மடித்துப் போட்டால் கேமரா வார் உரசாது என்பர் தோளார். ஐஸ் தண்ணீரில் நனைத்துக் கழுத்தில் சுற்றாதவன் நண்பகலைக் காண மாட்டான் என்பர் கழுத்தார். தலையார் நோக்கோ ஆழமானது: உச்சி வெயிலில் கேமராத் திரையில் ஒன்றும் தெரியாது, தலையையும் கேமராவையும் சேர்த்துத் துண்டால் மூடிக்கொண்டால்தான் எடுத்தது கபடியா கட்டைவிரலா என்று தெரியும். மூன்றுக்கும் மூன்று துண்டு எடுத்துப்போகலாமே என்பது சமரசவாதம். சமரசத்தை மூவரும் சேர்ந்து எதிர்த்தனர்.

(தோளார் தரப்பு: கிளேபாங் கடற்கரைச் சாலையில் காலையில் பெற்ற வாய்மொழி. கழுத்தார் தரப்பு: அதே சாலை, அதே ஆள், வெயில் ஏறிய பிறகு. தலையார் தரப்பு: அதே ஆள், நண்பகல், முகம் துண்டுக்குள் இருந்தபடியால் அவர்தானா என்று உறுதி செய்ய இயலவில்லை, குரலை வைத்து அடையாளம் சொன்னவர் தேங்காய் ஷேக் கலக்கும் தம்பி, தம்பியின் சாட்சியத்தைப் பெற ஒரு குவளை வாங்க வேண்டியிருந்தது, அதன்மேல் ஐஸ்கிரீம் வைப்பதா வேண்டாமா என்பதில் சாட்சிக்கும் ஆய்வாளருக்கும் எழுந்த பாடபேதம் தனிப் பிற்சேர்க்கைக்கு உரியது.)

3.5 இடம் பிடித்தல்

துண்டின் தலையாய பயன் இதுவே. 1965 மே 25, அமெரிக்காவின் லூவிஸ்டன். முகமது அலி முதல் சுற்றிலேயே சன்னி லிஸ்டனை வீழ்த்திவிட்டு, கீழே கிடந்தவரைப் பார்த்துக் கையை மடக்கிக் கத்துகிறார். அந்தப் படம் நீல் லைஃபர் எடுத்தது. அப்போது லைஃபருக்கு வயது 22. படத்தை உற்றுப் பார்த்தால் அலியின் கால்களுக்கு நடுவே, எதிர்ப் பக்கத்தில், கேமராவோடு இன்னொருவர் தெரிவார். ஹெர்ப் ஷார்ஃப்மன், லைஃபரைவிட மூத்த படக்காரர். அவர் பையிலும் ஒன்றும் குறைந்திருக்காது. கிடைத்ததோ அலியின் முதுகு.

கிளேபாங்கில் எந்தப் பக்கம்? மாலை வெயில் கடல் பக்கம் சாயும். இறுதியாட்டத்துக்குக் கடலுக்கு முதுகைக் காட்டி நின்றால் ஆட்டக்காரர் முகத்தில் வெளிச்சம் விழும். எதிரே நிற்பவருக்கு எல்லாரும் நிழல். அந்த இடத்தில் காலையிலேயே துண்டைப் போட்டுவிட வேண்டும். தமிழகத்தில் பேருந்து சன்னல் வழியே துண்டைப் போட்டு இருக்கை பிடிக்கும் மரபு அங்கிருந்து இங்கே வந்ததா, இங்கிருந்து அங்கே போனதா என்பதை விமானச் செலவு கொடுத்தால் நேரில் போய் ஆராயலாம். துண்டு பறக்காமல் இருக்க அதன்மேல் கல் வைக்கவும். கேமராவை வைப்பவர்களும் உண்டு.

4.0 பை

மாநாட்டில் கொடுத்த பை உதவாது. அதில் மாநாட்டின் பெயர் பெரிதாகவும் ஜிப்பு சிறிதாகவும் இருக்கும். முதல் நாள் மாலைக்குள் இரண்டில் ஒன்று போய்விடும். போவது பெயராக இருந்ததில்லை.

அடுக்கும் கலையைக் கண்ணால் காண விரும்புவோர் கிளேபாங்கில் இருக்கும் நீர்மூழ்கிக் கப்பல் அருங்காட்சியகத்துக்குப் போகலாம். உவெசான் என்னும் அந்தக் கப்பல் 1978 முதல் 2001 வரை பிரெஞ்சுக் கடற்படையில் இருந்தது. பிறகு மலேசிய மாலுமிகளுக்குப் பயிற்சி கொடுத்து, 2011-இல் மலாக்காவுக்கு வந்து கரையேறியது. ஏறத்தாழ 67 மீட்டர் நீளக் குழாய். அதற்குள் எந்திரம், ஏவுகுழாய், சமையல், படுக்கை. அவசரத்துக்குத் தேவையானது கையெட்டும் இடத்தில், மற்றது எல்லாம் மறைவில். பேட்டரி, கார்டு, துண்டு மேலே, ஊக்கு, நாசி லெமாக் வெளி அறையில், லென்சு நடுவே என்னும் நம் அடுக்கு முறைக்கு இதைவிட உறுதியான இரும்புச் சான்று கிடைக்காது. துண்டு காயப்போடும் கொடி மட்டும் அதில் கண்ணில் படவில்லை.

5.0 டத்தோ

சிறப்பு விருந்தினர் தொடக்கத்துக்கு வருவதாகச் சொல்லிப் பரிசளிப்புக்கு வருவார். அதற்குள் இரண்டு பேட்டரி தீர்ந்திருக்கும். மூன்றாவது அவருடையது, கபடி இறுதியாட்டம் எவ்வளவு சூடாக இருந்தாலும் அதில் கை வைக்கக் கூடாது.

அவர் கையில் கொடுப்பது அட்டைக் காசோலை. ஓர் ஆள் கை விரித்த அகலம் இருக்கும். 70-200 லென்சுக்குள் அடங்காது. அந்த ஒரு படத்துக்காக 35 மி.மீ. லென்சு நாள் முழுக்கப் பையில் சும்மா கிடக்க வேண்டும். ஃபிளாஷ் அட்டையில் பட்டால் தொகை வெளுத்து மறைந்துவிடும்; அட்டையைக் கொஞ்சம் சாய்த்துப் பிடிக்க வேண்டும். இதை டத்தோவிடம் சொல்லாதீர். மறுமுனையைப் பிடித்திருக்கும் தலைமையாசிரியரிடம், "டீச்சர், உங்க பக்கம் கொஞ்சம் கீழ" என்று சொன்னால் போதும். நாளிதழுக்குப் போவது இந்தப் படம்தான். காலையிலிருந்து 1/1000-இல் பிடித்த ஓட்டமெல்லாம் கார்டில் கிடக்கும். பெற்றோர் வாட்சப்பில் கேட்டால் அனுப்பிவிடவும். காசு கேட்க வேண்டாம்.

மேடையேறுமுன் டத்தோவின் நெற்றியை ஒற்றிக்கொள்ள ஏற்பாட்டுக் குழுவினர் துண்டு கேட்டு ஓடிவருவார்கள். சங்க காலத்ததைக் காட்டவே கூடாது. இடைக்காலமும் வேண்டாம். எழுத்து பளிச்சென்று இருக்கும் பிற்காலத் துண்டைக் கொடுக்கவும். அது திரும்பி வராது. ஆகவே தோளுக்கு ஒன்று, கழுத்துக்கு ஒன்று, தலைக்கு ஒன்று போக, துண்டு நான்கு.