கை நடுங்குது, கியர் மாற மாட்டேங்குது!

கேள்வி: பைக்கை ஸ்டார்ட் பண்ணினதுமே கை நடுங்குது, நாக்கு உலர்ந்துபோகுது. நான் பயந்தாங்கொள்ளியா? இந்தப் பயத்தை எப்படி விரட்டுறது?

பதில்: விரட்டவே வேண்டாம், கூடவே உட்கார வையுங்கள். உங்கள் பயம் பொய் சொல்லவில்லை. 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கு. அதில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். இப்படிப்பட்ட சாலையில் முதன்முதலாக வண்டியை இறக்குகிறவருக்கு நெஞ்சு படபடக்காமல் இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். இந்த வேலை இன்னும் கைவரவில்லை என்று உங்கள் உடம்பே உங்களிடம் நேர்மையாகச் சொல்கிறது. அதனால் என் கட்சி இதுதான்: பயத்தோடு மல்லுக்கட்டாதீர்கள். எது தெரியாததால் பயம் வருகிறதோ, அதைக் கற்றுக்கொள்ளுங்கள். திறமை ஏறுகிற அளவுக்குப் பயம் இறங்கினால் போதும். அதற்கு முன்பே இறங்கினால்தான் ஆபத்து.

ஆனால் பயம் உடம்பில் எங்கே போய் உட்காருகிறது என்பதைத் தெரிந்துகொள்வது அவசியம். முதலில் தோள்பட்டை விறைக்கும். பிறகு முழங்கை நிமிர்ந்து பூட்டிக்கொள்ளும், விரல்கள் கைப்பிடியை நெரிக்கும். வலது கை இறுகும்போது மணிக்கட்டு கீழே இறங்கி, ஆக்ஸிலேட்டர் தானாகவே முறுகிவிடும். வண்டி திமிறிப் பாயும், பாய்ந்ததும் உடம்பு பின்னால் சாயும், சாய்ந்த உடம்பு கைப்பிடியில் தொங்குவதால் ஆக்ஸிலேட்டர் இன்னும் முறுகும். காம்பவுண்டுச் சுவரில் போய் மோதுகிற முதல்நாள் விபத்துகள் பல இந்தச் சங்கிலியில்தான் நடக்கின்றன. 'தைரியமா இரு' என்று பக்கத்தில் நின்று கத்துவதால் இந்தச் சங்கிலி அறாது. மணிக்கட்டைத் தொடக்கத்திலேயே மட்டமாக வைத்து, முட்டிகளால் பெட்ரோல் டேங்க்கை இறுக்கி, முழங்கையைத் தளர விட்டால் அறும். அப்படியும் வண்டி பாய்ந்துவிட்டால் இடது கை செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: கிளட்ச்சை முழுசாகப் பிடிப்பது. பிடித்த கணமே எஞ்சின் எவ்வளவு உறுமினாலும் சக்கரத்துக்கு அந்த விசை போகாது. இது மூளைக்குத் தெரிந்தால் போதாது, விரலுக்குத் தெரிய வேண்டும்.

கேள்வி: 'பயந்தாத்தான் விழுவே, கண்ணை மூடிக்கிட்டு ஒரு நாள் மெயின் ரோட்டுல விடு, எல்லாம் சரியாப் போயிடும்'னு நண்பர்கள் சொல்றாங்க. அவங்க எல்லாரும் அப்படித்தான் கத்துக்கிட்டாங்களாம்.

பதில்: கண்ணை மூடிக்கொண்டு மெயின் ரோட்டில் விடுவதைப் பற்றி உங்கள் பயம் என்ன சொல்கிறதோ, அதையே நானும் சொல்கிறேன். நண்பர்கள் சொல்வதில் ஒரு பாதி நியாயம் உண்டு: விறைத்துப்போன உடம்பு வண்டியை மோசமாக ஓட்டும் என்பதை மேலேயே பார்த்தோம். ஆனால் அதற்கு மருந்து துணிச்சல் என்று அவர்கள் தாவுகிறார்களே, அந்த இடத்தில்தான் எனக்கு மறுப்பு. அமெரிக்காவில் தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹாரி ஹர்ட்டும் அவருடைய குழுவும் லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் 900-க்கும் மேற்பட்ட பைக் விபத்துகளை, நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்து 1981-இல் அறிக்கை வெளியிட்டார்கள். விபத்தில் சிக்கியவர்களில் 92 சதவீதம் பேர் முறையான பயிற்சி இல்லாதவர்கள். தானாகவோ, வீட்டாரிடமோ, நண்பர்களிடமோ கற்றவர்கள். உங்கள் நண்பர்கள் சொல்கிற அதே பள்ளிக்கூடம்! பயிற்சி இல்லாதவர்கள் சாலையில் எத்தனை பேர் என்று தெரியாமல் இந்த எண்ணை மட்டும் வைத்துக் குற்றம் சாட்ட முடியாது என்று யாராவது வாதாடினால், அந்த வாதம் சரிதான். ஆனால் அதே அறிக்கை இன்னொன்றையும் சொல்கிறது. ஆபத்து தெரிந்தபின் மோதுவதற்குள் கிடைத்த நேரம் பெரும்பாலும் இரண்டு நொடிக்கும் குறைவு. அந்த நேரத்துக்குள் பலர் செய்தது, பின் பிரேக்கை மிதித்துச் சக்கரத்தை வழுக்க விட்டதும், முன் பிரேக்கைப் போதுமான அளவு பிடிக்காமல் விட்டதும். இரண்டு நொடியில் தைரியம் என்ன செய்யும்? கைப்பழக்கம் மட்டும்தான் செய்யும்.

திறமையைவிட வேகமாகத் தைரியம் வளர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. நார்வேயில் கார் கற்கும் இளைஞர்களுக்கு, வழுக்கும் சாலையில் வண்டியைச் சமாளிக்கும் பயிற்சியைக் கட்டாயமாக்கினார்கள். விபத்து குறையும் என்றுதான் எல்லோரும் நம்பினார்கள். 1980-களில் ஆராய்ந்து பார்த்தபோது இளம் ஆண்களிடையே வழுக்கு விபத்துகள் கூடியிருந்தன. 'இனி நமக்கு எல்லாம் தெரியும்' என்ற நம்பிக்கை, கற்ற வித்தையைத் தாண்டி ஓடியிருக்கிறது. நல்லெண்ணத்தோடு கொடுத்த பயிற்சிக்கே இந்த கதி என்றால், பயிற்சியே இல்லாமல் வெறும் துணிச்சலை ஊட்டுகிறவர்களை என்னவென்று சொல்ல?

கேள்வி: சரி, எங்கே பழகறது? எங்க தெருவுல நாய் குறுக்கே ஓடுது, பசங்க பந்து விளையாடுறாங்க, எதிர் வீட்டு மாமா வேடிக்கை பார்க்கிறார்!

பதில்: நாயைக்கூடச் சமாளித்துவிடலாம், மாமாவின் பார்வை கஷ்டம். பழகுவதற்குத் தெரு ஏற்ற இடமே இல்லை. ஊருக்கு வெளியே மனை பிரித்துப் போட்டு வீடு வராத லேஅவுட், விடுமுறை நாளில் பள்ளி மைதானம், காலை ஆறு மணிக்கு ஆளில்லாத பேருந்து நிலையத்துப் பின்புறச் சாலை என்று எந்த ஊரிலும் ஓரிடம் கிடைக்கும். எல்.எல்.ஆர். கையில் இருக்கட்டும், தலையில் ஹெல்மெட்டைப் பட்டை மாட்டி அணியுங்கள், பக்கத்தில் லைசென்ஸ் உள்ள, கத்தாத ஒருவர் நிற்கட்டும். கத்தாதவர் என்பதை அழுத்திச் சொல்கிறேன். கத்துகிறவர் ஒருவர் போதும், நாலு நாள் பழகியதெல்லாம் பறந்துபோக.

பயத்தைத் தணிக்கும் வழி ஒரு நூற்றாண்டாகவே தெரிந்ததுதான். 1924-இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியலாளர், முயலைக் கண்டு அலறும் பீட்டர் என்ற சுமார் மூன்று வயதுக் குழந்தையின் கதையை எழுதினார். குழந்தைக்குப் பிடித்த தின்பண்டத்தைக் கொடுத்து, கூண்டில் இருந்த முயலை முதலில் அறையின் தூரத்து மூலையில் வைத்தார்கள். குழந்தை நிம்மதியாக இருக்கும் வரைக்கும் மட்டுமே, நாளுக்கு நாள் கிட்டே கொண்டுவந்தார்கள். கடைசியில் பீட்டர் முயலைத் தடவிக் கொடுத்தான். முதல் நாளே முயலை மடியில் தூக்கிப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மெயின் ரோட்டில் விடு என்பவர்கள் செய்யச் சொல்வது அதைத்தான்.

உங்கள் முயலின் தூரத்து மூலை, கிளட்ச். புதியவர்களின் நடுக்கத்தில் பெரும்பங்கு 'வண்டி அணைந்துவிடுமோ, பாய்ந்துவிடுமோ' என்ற இரட்டைச் சந்தேகம். இரண்டுக்கும் விடை இடது கையின் ஓர் அங்குல இடைவெளியில் இருக்கிறது. சமதரையில் வண்டியை நிறுத்தி, இரண்டு காலையும் ஊன்றி, ஃபர்ஸ்ட் கியர் போடுங்கள். ஆக்ஸிலேட்டரைத் தொடவே தொடாதீர்கள். கிளட்ச்சை மயிரிழை மயிரிழையாக விடுங்கள். ஓரிடத்தில் எஞ்சின் சத்தம் லேசாகக் கம்மும், வண்டி முன்னால் போக எத்தனிப்பது தொடையில் தெரியும். அதுதான் ஹாஃப் கிளட்ச். அங்கேயே நிறுத்துங்கள், வண்டி ஒரு முழம் நகரட்டும், மறுபடி கிளட்ச்சைப் பிடியுங்கள். நகர்த்து, நிறுத்து, நகர்த்து, நிறுத்து. அந்த இடம் கண்ணால் பார்க்காமலே விரலுக்குத் தெரிகிற வரை ரெண்டாவது கியர் என்ற பேச்சே வேண்டாம். அலுப்பாக இருக்கும், இருக்கட்டும். அலுப்புத் தட்டுகிறது என்றாலே அந்த இடத்தில் பயம் காலி செய்துவிட்டது என்று அர்த்தம்.

கேள்வி: பயமா இருக்கேன்னு ரொம்ப மெதுவா ஓட்டினா, அப்பத்தான் வண்டி இன்னும் ஆடுது. ஏன்?

பதில்: நடக்கிற வேகத்தில்தான் பைக் மிகவும் தள்ளாடும். கொஞ்சம் வேகம் வந்துவிட்டால், 15, 20 கிலோமீட்டருக்கு மேல், சாய்வை ஹேண்டில்பாரின் சின்னச் சின்ன அசைவுகளால் வண்டியே பெருமளவு சரிக்கட்டிக்கொள்ளும். உங்கள் கை விறைப்பாக இருந்தால் அந்த அசைவைத் தடுத்துவிடுவீர்கள், அவ்வளவுதான். பயம் உங்களை எந்த வேகத்துக்குத் தள்ளுகிறதோ அதுவே ஆகக் கடினமான வேகம் என்பது புதியவருக்கு நேரும் பெரிய அநியாயம். ஆகவே வெட்டவெளியில் ரெண்டாவது கியரில் நேராகப் போய்ப் பழகுவது முதலில், ஊர்ந்து திரும்புவது பிறகு. திரும்பும்போது முன் சக்கரத்தைப் பார்க்காதீர்கள், போக வேண்டிய இடத்தைப் பாருங்கள். பள்ளத்தை முறைத்துப் பார்த்தால் பள்ளத்துக்குத்தான் போவீர்கள், ஏனென்றால் கண் போகிற பக்கம் தலையும், தலை போகிற பக்கம் தோளும், தோளோடு ஹேண்டில்பாரும் போகும்.

கேள்வி: ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல எட்டு போட்டு லைசென்ஸ் வாங்கிட்டேன். ஆனாலும் பஸ் பக்கத்துல வந்தா உயிர் போயிடுது. எட்டு போட்டவனுக்கு எதுக்கு இந்தப் பயம்?

பதில்: எட்டு போடுவது நல்ல பரீட்சை. ஹாஃப் கிளட்ச், பார்வை, ஊர்ந்து திரும்பும் கட்டுப்பாடு எல்லாம் அதில் தெரிந்துவிடும். ஆனால் அது கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது: 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும்போது திடீரென்று நிறுத்த உங்களால் முடியுமா? பஸ்ஸைப் பார்த்து நெஞ்சு அடித்துக்கொள்கிறதே, அந்த விடை தெரியாததால்தான். 40 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 11 மீட்டர். கண் பார்த்து, மூளை முடிவெடுத்து, விரல் பிரேக்கில் விழுவதற்கே ஒரு நொடிக்கு மேல் ஆகலாம், அதற்குள் ஒரு பஸ்ஸின் நீளம் போய்விடும். காய்ந்த சாலையில் நன்றாகப் பிரேக் பிடித்தால் அதன் பிறகு இன்னும் சுமார் பத்து மீட்டர். வேகம் 60 ஆனால் அந்தப் பத்து, இருபதைத் தாண்டிவிடும். வேகம் ஒன்றரை மடங்குதான் கூடியது, பிரேக் பிடித்தபின் ஓடும் தூரம் இரண்டேகால் மடங்கு. இந்தக் கணக்கைக் காகிதத்தில் படித்தால் பயம் கூடும், அதே லேஅவுட்டில் ஒரு கல்லை வைத்து, 20-இல் தொடங்கி 30, 40 என்று நிறுத்திப் பழகினால் குறையும். எவ்வளவு தூரத்தில் நிற்பீர்கள் என்று உங்களுக்கே தெரிந்துவிட்டால், பஸ்ஸுக்கும் உங்களுக்கும் எவ்வளவு இடைவெளி வேண்டும் என்பதை நீங்களே வைத்துக்கொள்வீர்கள்.

கேள்வி: முன் பிரேக்கைத் தொட்டா தூக்கி எறிஞ்சிடும்னு எங்கப்பா சொல்லியிருக்கார். நீங்க தொடச் சொல்றீங்களா?

பதில்: அப்பா சொல்வது ஓரிடத்தில் உண்மை. ஹேண்டில்பார் திரும்பியிருக்கும்போது, அல்லது மணலிலும் சேற்றிலும், முன் பிரேக்கை வெடுக்கென்று பிடித்தால் வண்டி சரிந்துவிடும். அந்த மாதிரி விழுந்தவர் யாராவது அவர் நினைவில் இருக்கலாம். ஊர்ந்து யு-டர்ன் எடுக்கும்போது பின் பிரேக் மட்டும் போதும். ஆனால் நேராகப் போகும் வண்டியை நிறுத்த முன் பிரேக் இல்லாமல் ஆகாது. பிரேக் பிடித்ததும் பாரத்தின் பெரும்பகுதி முன்னால் சாய்கிறது, முன் டயர் தரையை அழுத்திப் பிடிக்கிறது, பின் டயர் லேசாகிவிடுகிறது. லேசான டயரை மிதித்து மிதித்து என்ன பயன்? அது வழுக்கத்தான் செய்யும். ஆகவே முன் பிரேக்கை வெடுக்கென்று பிடிக்காமல், முதலில் மெல்லத் தொட்டு, பிறகு அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போங்கள், பின் பிரேக்கும் கூடவே. 2019 ஏப்ரலிலிருந்து இந்தியாவில் விற்கும் 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளில் சக்கரம் பூட்டாமல் காக்கும் ஏ.பி.எஸ். கட்டாயம். அப்பா காலத்து வண்டியில் அது கிடையாது. அவர் எச்சரிக்கை பொய்யில்லை, வண்டி மாறிவிட்டது.

கேள்வி: சிக்னல்ல வண்டி அணைஞ்சு போயிடுது. பின்னாடி இருக்கிறவங்க ஹாரன் அடிச்சே கொல்றாங்க.

பதில்: அடிக்கட்டும். கிளட்ச்சைப் பிடியுங்கள், நியூட்ரல் விளக்கைப் பாருங்கள், ஸ்டார்ட் செய்யுங்கள், கிளம்புங்கள். ஹாரன் சத்தத்துக்குப் பயந்து கிளட்ச்சைப் படக்கென்று விட்டால் மறுபடி அணையும்.

கேள்வி: எனக்கு 45 வயசு. 'இந்த வயசுல ஒரு பொம்பளைக்கு கியர் வண்டி எதுக்கு, ஸ்கூட்டர் வாங்கிக்கோ'ங்கறாங்க வீட்டுல.

பதில்: வாங்கிக்கொள்வதும் கொள்ளாததும் உங்கள் விருப்பம், வயதும் பெண் என்பதும் இதில் காரணமே இல்லை. ஸ்கூட்டரில் கிளட்ச், கியர் இரண்டும் இல்லாததால் ஒரு சுமை குறைகிறது, அதைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு குறையும் கிடையாது. ஆனால் பிரேக், பார்வை, இடைவெளி இவற்றைக் கற்க வேண்டியது அங்கேயும் அதே அளவுதான். ஸ்கூட்டர் சுலபம் என்று நேற்று வாங்கி இன்று கடைவீதிக்கு எடுத்துப் போகிறவர்கள், கியர் வண்டியை ஒரு மாதம் மைதானத்தில் பழகியவரைவிட அதிக ஆபத்தில் இருக்கிறார்கள் என்பது என் உறுதியான எண்ணம். 45 வயதில் உங்களுக்கு ஒரு சாதகமும் உண்டு: யாருக்கும் நிரூபித்துக் காட்ட வேண்டிய அவசரம் பதினெட்டு வயதுக்காரருக்கு இருக்கிற மாதிரி உங்களுக்கு இருக்காது.

கேள்வி: இப்பப் பயம் போயிடுச்சு. மனைவியைப் பின்னாடி உட்கார வெச்சுக்கிட்டு மாமனார் ஊருக்குப் போகலாமா?

பதில்: பயம் போய்விட்டதா, பழகிவிட்டதா என்று முதலில் பாருங்கள். ஹர்ட் அறிக்கையில் வந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர், சாலையில் ஏறத்தாழ மூன்று ஆண்டு அனுபவம் இருந்தும், விபத்துக்குள்ளான அந்த வண்டிக்கு ஐந்து மாதம்கூடப் பழகாதவர்கள். வண்டி மாறினால் கை மறுபடி புதிதாகிறது. பின்னால் ஆள் ஏறினாலும் அப்படித்தான்: நிற்கும் தூரம், திரும்பும் விதம், கிளம்பும்போது ஹாஃப் கிளட்ச் எல்லாம் வேறாகிவிடும். ஆகவே மனைவியையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதே லேஅவுட்டுக்கு அழைத்துப் போய், கல்லை வைத்து நிறுத்திப் பழகுங்கள். 2022-இல் ஹெல்மெட் இல்லாமல் இறந்த 50,029 பேரில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள். மாமனார் ஊருக்குப் பலகாரம் வாங்குவதற்கு முன் மனைவிக்கு அளவான ஹெல்மெட் ஒன்று வாங்குங்கள். முதல் பயணம் பகலில், மழையில்லாத நாளில், 20 கிலோமீட்டருக்குள் இருக்கட்டும். மாமனார் ஊர் அதைவிடத் தூரம் என்றால் இந்த முறை பஸ்ஸில் போய் வாருங்கள்.