அம்பாசிடர் கட்சி

பௌர்ணமியன்று கிரிவலப் பாதையில் வண்டிகளை விடமாட்டார்கள். திருவண்ணாமலையில் இதற்காக உள்ளூர மகிழ்கிறவர் அம்பாசிடர்காரர். "எடுத்திருப்பேன் சார், போலீஸ்தான் விடலை" என்று மாதம் ஒருநாளாவது தலைநிமிர்ந்து சொல்லலாமே!

மற்ற நாட்களில் வண்டி தார்ப்பாய்க்குள் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை திரை விலகும். துடைப்பார், ஸ்டார்ட் செய்வார், பத்து நிமிடம் உறுமவிடுவார், மறுபடி மூடிவிடுவார். எதிர்வீட்டு மாடியில் காயும் வேட்டிகள் அன்று சாம்பல் நிறமாகும்.

செங்கம் ரோட்டு டீக்கடைதான் அவருக்குச் சட்டசபை. எதிர்க்கட்சி, பிரீமியர் பத்மினி வைத்திருக்கும் ரிடையர்டு வாத்தியார். பத்மினி என்று யாரும் சொல்வதில்லை. அது என்றைக்கும் பியட்டுதான்.

"1489 சி.சி. சார் நம்மளது. உங்களது 1089. முழுசா நானூறு கம்மி!"

"அந்த நானூறும் உங்க வண்டி வெயிட்டைச் சுமக்கவே சரியாப் போச்சே."

"எட்டுப் பேரை ஏத்திக்கினு ஜவ்வாது மலை ஏறின வண்டி சார் இது!"

"ஏறிச்சு. யாரு தள்ளினாங்க?"

வம்சாவளி பேசினால் இன்னும் ருசி. அம்பாசிடர் இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு வழி, பியட் இத்தாலி. ஆனால் இரண்டு கம்பெனிகளும் ஆரம்பத்தில் பூட்டி விற்றது அமெரிக்க வண்டிகளையும்தான். கல்கத்தா பக்கம் ஸ்டூடிபேக்கர், பம்பாயில் டாட்ஜ், பிளிமத். இதைச் சொன்னால் இருவருக்குமே கோபம் வரும்.

என்னைக் கேட்டால், ஓட்டுகிறவனுக்குப் பியட். ஸ்டியரிங் லேசு, மாட வீதியில் மாடு, சாமியார், பூக்கூடை எல்லாவற்றுக்கும் நடுவே வளைந்து போய்விடும். உட்கார்ந்து வருகிறவனுக்கு அம்பாசிடர். பின்சீட்டில் பாட்டி சம்மணம் போட்டு, பேரனையும் புளியோதரைத் தூக்கையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். வாங்கி நிறுத்திவைத்து அழகு பார்க்க எது என்று மட்டும் கேட்காதீர்கள். இருவருமே அதைத்தான் செய்துகொண்டிருக்கிறார்கள், ஒப்புக்கொள்ளத்தான் மாட்டார்கள்.

2014இல் அம்பாசிடர் செய்த உத்தரபாரா ஆலை நின்றபோது எங்கள் ஆள் இரண்டு நாள் டீக்கடைக்கு வரவில்லை. 2017இல் அம்பாசிடர் என்ற பெயரை மட்டும் 80 கோடிக்குப் பெஜோ கம்பெனி வாங்கியதும் வந்து உட்கார்ந்தார். "பேருக்கே எம்பது கோடி. வண்டி எவ்ளோ இருக்கும், கணக்குப் போட்டுக்கோங்க."

கோடைதான் இவருக்குச் சோதனைக் காலம். ஊரோ அக்னித் தலம். பெட்ரோல் பம்ப் சூடேறி வண்டி நின்றால் பானெட்டைத் தூக்கி, ஈரத்துணி சுற்றி, சொம்புத் தண்ணீரால் அபிஷேகம். கற்பூரம் காட்டாததற்குப் பெட்ரோல் ஒன்றே காரணம்.

சென்னையில் கல்யாணம் என்றால் இரு கட்சியும் கூட்டணியாகப் பஸ் ஏறும். செஞ்சி வருவதற்குள் கார்புரேட்டருக்கு வந்துவிடுவார்கள். திண்டிவனத்தில் பொறுக்கமாட்டாமல் கண்டக்டர் கேட்டார்:

"ரெண்டு பேர்கிட்டயும் கார் இருக்குதில்ல, அதுல போறதுதானே?"

இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள்:

"இந்த வெயில்ல யாராவது வண்டியை வெளியே எடுப்பாங்களா?"