நாலாவது சீட்டுத் தூக்கம்

தூக்கத்தைப் பற்றி அறிவுரை சொல்பவர் வேலைக்கு நடந்து போகிற தூரத்தில் குடியிருப்பவர் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். இருட்டான அறை, சத்தமே கூடாது, தினமும் ஒரே நேரத்தில் படுக்கை என்று பட்டியல் வாசிப்பார். பட்டியலில் தப்பில்லை. வயது வந்தவருக்கு ஏழு மணி நேரமாவது தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவர்கள் 2015இல் கூடி முடிவு செய்தார்கள். அதை மும்பைப் புறநகரான கல்யாணுக்குக் கொண்டுவரும்போதுதான் கணக்கு உதைக்கிறது. நகரத்தின் கடைசி ரயில் நிலையமான சி.எஸ்.எம்.டி. அங்கிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். ஃபாஸ்ட் லோக்கல் ரயிலில் ஒரு மணி நேரம் தாண்டும், ஸ்லோவில் ஒன்றரை. வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு ஷேர் ஆட்டோவையும் சேர்த்தால் நாளில் மூன்று மணி நேரத்துக்கு மேல் போக்குவரத்துக்கே போய்விடும். தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வாடகை கட்டி மாளாத தமிழ்க் குடும்பங்கள் டோம்பிவிலி, கல்யாண், அம்பர்நாத் என்று தள்ளிப் போயின. சதுர அடியில் மிச்சம் பிடித்ததைத் தூக்கத்தில் கட்டுகின்றன. ஆகவே லோக்கலில் வாய்பிளந்து தூங்குகிறவரைச் சோம்பேறி என்பது அநியாயம். அவர் தனக்கு வரவேண்டிய பாக்கியை வசூலித்துக்கொண்டிருக்கிறார் என்பது என் கட்சி.

பாக்கி என்று சும்மா சொல்லவில்லை. விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகிறது. அது ஏற ஏறக் கண் சொக்கும், தூங்கினால்தான் இறங்கும். இன்னொரு பக்கம், வெளிச்சத்தைப் பார்த்து ஓடும் உடல் கடிகாரம் ஒன்று உண்டு. சேரும் தூக்கப் பாக்கிக்கும் இந்தக் கடிகாரத்துக்கும் நடக்கும் இழுபறிதான் தூக்கம் என்று ஆய்வாளர் அலெக்சாண்டர் போர்பெலி 1982இல் விளக்கினார். கல்யாணில் இரண்டுமே பகை. இந்திய நேரம் எண்பத்திரண்டரை டிகிரித் தீர்க்கரேகையை ஒட்டியது. கல்யாணோ எழுபத்து மூன்றில் கிடக்கிறது. அங்கே சூரியன் கடிகாரத்தைவிட 37 நிமிடம் லேட், திருநெல்வேலியில் சுமார் 19 நிமிடம்தான். நாலரைக்கு அலாரம் அடிக்கும்போது கல்யாண் சூரியனின் கணக்கில் நாலு மணிகூட ஆகியிருக்காது. 1906இல் இந்தப் பொது நேரம் வந்தபோது பம்பாய் லேசில் ஒப்புக்கொள்ளவில்லை. 39 நிமிடம் பின்னால் ஓடிய தன் சொந்த நேரத்தைச் சுதந்திரத்துக்குப் பிறகும் கொஞ்ச காலம் நகராட்சி விடாமல் வைத்திருந்தது. அதை அந்நிய ஆட்சிக்கு எதிரான ரோஷம் என்பார்கள். தூக்கத்துக்கான முதல் போராட்டம் என்றும் சொல்லலாம், யாரும் சொல்லாததால் நான் சொல்கிறேன்.

‘உட்கார்ந்தபடி ஆடி ஆடித் தூங்குவதெல்லாம் ஒரு தூக்கமா?’ என்று கேட்பவர்கள் உண்டு. ஆட்டத்தைக் குறை சொல்ல வேண்டாம். ஜெனீவா பல்கலைக்கழகத்தில் ஆடும் கட்டில் செய்து ஆட்களைப் பகலில் படுக்க வைத்தார்கள். ஆடாத கட்டிலைவிடச் சீக்கிரம் தூங்கினார்கள் என்று 2011இல் எழுதினார்கள். தூளி கட்டத் தெரிந்த பாட்டிகளுக்கு இது செய்தியே இல்லை. நேரம் போதாது என்பதும் பாதி உண்மைதான். நாசா, நீண்ட தூர விமானிகளுக்கு நடுவானில் 40 நிமிடம் ஓய்வு கொடுத்துப் பார்த்தது (மற்ற விமானிகள் ஓட்டிக்கொண்டிருந்தார்கள், பயப்பட வேண்டாம்). சராசரியாக 26 நிமிடம் தூங்கினார்கள். அதுவே பிறகு அவர்களைத் தெளிவாக வைத்திருந்தது. அரை மணி தாண்டினால் ஆழ்ந்த தூக்கத்தில் விழுந்து, எழுப்பினால் இந்த ஊர் எந்த ஊர் என்று முழிக்க வேண்டிவரும். ஃபாஸ்ட் லோக்கலில் கல்யாணிலிருந்து தாணே வரை ஏறக்குறைய அந்த அளவுதான். தாணேயில் ஏறும் கூட்டமே அலாரம். நிறுத்தப் பொத்தான் கிடையாது.

ஆனால் அது முழுத் தூக்கம் என்று நான் வாதாட மாட்டேன். ஒரு முழுச் சுற்றுக்குத் தொண்ணூறு நிமிடம் போல ஆகும். அதன் கடைசியில்தான் கனவுத் தூக்கம். அப்போது உடம்பின் தசைகள் தளர்ந்துவிடும், கழுத்து உட்பட. நின்றபடி தூங்கும் குதிரைகூடக் கனவுத் தூக்கத்துக்குப் படுத்தாக வேண்டும். மற்ற நேரத்தில் அதன் கால் மூட்டு பூட்டிக்கொள்கிறது. கல்யாண்காரருக்கு அந்தப் பூட்டு வேலையை முன்னும் பின்னும் நிற்பவர்கள் செய்கிறார்கள். மூன்று பேர் சீட்டில் நாலாவதாகப் பாதி உடம்பைத் தொங்கவிட்டவர் கனவு காணத் தொடங்கினால் பாதைக்கே வந்துவிடுவார். ‘அப்படியானால் தாதர் வந்ததும் எப்படி டக்கென்று எழுகிறார், நடிப்புத்தானே?’ என்பது அடுத்த சந்தேகம், பெரும்பாலும் நின்றுகொண்டிருப்பவருடையது. 1960இல் இயன் ஆஸ்வால்டும் கூட்டாளிகளும் தூங்குபவர்களுக்குப் பெயர்களை வாசித்து மூளை அலையைப் பதிந்தார்கள். அடுத்தவர் பெயரைவிடத் தன் பெயருக்கு மூளை கூடுதலாகத் துள்ளியது. தூங்கும் மூளை காதை முழுக்கச் சாத்துவதில்லை, தனக்கு வேண்டியதை மட்டும் உள்ளே விடுகிறது. இருபது வருஷம் தாதரில் இறங்கியவருக்குத் தாதர் கிட்டத்தட்ட இனிஷியல். அதையும் அறிவிப்பில் மராத்தி, இந்தி, ஆங்கிலம் என மூன்று தரம் சொல்கிறார்கள். கொஞ்சம் தள்ளி உட்காருங்கள் என்ற கோரிக்கை மட்டும் ஏன் எந்த மொழியிலும் உள்ளே போவதில்லை என்பதை விஞ்ஞானம் இன்னும் தனியாக ஆராய வேண்டும்.

‘எங்கள் காலத்தில் நாலு மணிக்கே எழுந்தோம்’ என்று பெரியவர்கள் சொல்வது உண்மை. எட்டரைக்கே படுத்தார்கள் என்பதைச் சொல்ல மறப்பார்கள். லட்சுமணன் பதினாலு வருஷம் தூங்கவில்லையே என்று சிலர் புராணத்துக்குப் போவதும் உண்டு. அந்தக் கதையிலும் அவன் பங்கை ஊர்மிளை தூங்கித் தீர்த்தாள் என்று நாட்டார் வழக்கு ஒரு கணக்கை நேர் செய்துவிடுகிறது; அடினோசின் தெரியாவிட்டாலும், யாராவது தூங்கியாக வேண்டும் என்பது தெரிந்திருக்கிறது. கல்யாணில் அந்த ஏற்பாடும் தலைகீழ். அவருக்கு அலாரம் நாலரைக்கு என்றால், டப்பா கட்டுகிற வீட்டம்மாவுக்கு அதற்கும் முன்னால். அவரும் வேலைக்குப் போகிறவராக இருந்தால் திரும்பும் லோக்கலில் மகளிர் பெட்டியில் ராத்திரிச் சமையலுக்குக் காய் நறுக்கிக்கொண்டு வருவார். தூங்குவதற்கு மடி காலியாக இருக்க வேண்டாமா? இந்தப் பாக்கியைப் பற்றி ஆண்கள் பெட்டியில் பேச்சே எழுவதில்லை, அவர்கள் தூங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சேர்த்துத் தூங்கினால் கணக்கு தீராதா என்றால், கொஞ்சம் தீரும். இழந்ததில் ஆழ்ந்த தூக்கத்தை உடல் முதலில் மீட்டுக்கொள்கிறது. ஆனால் பத்து மணி வரை படுத்தால் உடல் கடிகாரம் பின்னால் நகர்ந்து, அன்றிரவு தூக்கம் வராமல் திங்கட்கிழமை இன்னும் கெடும். நாளுக்கு மூன்று மணி நேரம்போலத்தான் ஓயும் ரயில்பாதைக்கே அது போதாமல் ஞாயிறுதோறும் ரயிலை நிறுத்திப் பழுதுபார்க்கும் மெகா பிளாக் போட வேண்டியிருக்கிறது. இரும்புக்கு இந்த நிலை என்றால் எலும்புக்கு? காப்பியோ அடினோசின் உட்காரும் இடத்தில் தான் உட்கார்ந்துகொள்ளும், கடனைக் குறைக்காது. சாயங்காலம் ஆறு மணிக்கு மாட்டுங்காவில் குடித்த ஃபில்டர் காப்பியில் பாதி, இரவு பதினொன்றுக்கும் உடம்பில் விழித்திருக்கும்.

ஆகவே கல்யாண்காரரின் தூக்கத்தைச் சீர்திருத்த நினைப்பவர்கள் அவர் படுக்கையறையை விட்டுவிட்டு அவர் அலுவலக நேரத்தைப் பார்க்கட்டும். மத்திய ரயில்வே 2023இல் தன் மும்பை ஊழியர்களின் வேலை நேரத்தை இரண்டாகப் பிரித்து, மற்ற அலுவலகங்களையும் நேரத்தை மாற்றச் சொல்லிக் கேட்டது. நோக்கம் நெரிசலைக் குறைப்பது. தூக்கம் இலவச இணைப்பு. ‘பதினொன்றரைக்கு ஆபீஸ் என்றால் ராத்திரி இரண்டு மணி வரை செல்போனைத் தடவுவார்கள்’ என்று ஆட்சேபிப்பீர்கள். சிலர் தடவுவார்கள். அப்போது அவர்களைத் தாராளமாகச் சோம்பேறி என்று திட்டிக்கொள்ளுங்கள், கல்யாண் சார்பில் நான் வாயைத் திறக்க மாட்டேன்.