தோட்டத்துக்கு வந்த விருந்தாளிகள்

செம்பருத்தியில் வெள்ளை வெள்ளையாக மாவுப்பூச்சி. கூடவே எறும்புப் படை. எறும்பு அதைத் தின்னத்தானே வருகிறது? (வாசகி, திருநெல்வேலி)

தின்னவா? பால் கறக்க வருகிறது! பூச்சி கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்பு அதை மேய்க்கும், எதிரியை விரட்டிக் காவலும் காக்கும். முதலில் எறும்பைத் தடுங்கள். பூச்சி அப்பிய நுனிகளைக் கிள்ளிப் போட்டு, மிச்சத்தில் தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள். பிறகு தண்ணீரில் கொஞ்சம் வேப்பெண்ணெயும் சோப்புக் கரைசலும் கலந்து, வெயில் தாழ்ந்ததும் இலையின் அடிப்பக்கம் தெளியுங்கள்.

பப்பாளியிலும் அதே பூச்சி. கடைக்காரர் மூன்று பாட்டில் நீட்டுகிறாரே? (வாசகர், ஈரோடு)

அவர் பிழைக்க வேண்டாமா? 2008-ல் கோவையில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, மல்பெரி, மரவள்ளி என்று பரவியபோதும் பாட்டில்கள் நீண்டன. அடக்கியது, 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்த கடுகளவுகூட இல்லாத ஒரு குளவி. கண்டபடி மருந்தடித்தால் அதுவும் சாகும்.

உண்ணிச்செடி அழகாகப் பூக்கிறதே, தொட்டியில் வைக்கலாமா? (வாசகி, கூடலூர்)

வெள்ளைக்காரர்களும் அழகுக்காகத்தான் 1800-களின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரவியல் பூங்காவில் வைத்தார்கள். இன்று முதுமலையில் யானைக்கும் மானுக்கும் புல் முளைக்க விடாமல் மண்டிக் கிடக்கிறது. இட்லிப்பூ வையுங்கள், வண்ணத்துப்பூச்சி அதற்கும் வரும்.