கிளவுட் தம்பி

ஊருக்கு ஒரு ஜோசியரும் ஒரு கம்பவுண்டரும் ஒரு பத்திர எழுத்தரும் இருந்தே தீர வேண்டும் என்பது காவிரிக் கடைமடைப் பிரதேசத்தில் நெடுங்காலமாக அனுஷ்டிக்கப்பட்டு வந்த நியதி. 2020-ஆம் வருஷத்து ஊரடங்கின்போது பெங்களூரிலிருந்தும் சோழிங்கநல்லூரிலிருந்தும் மூட்டை கட்டிக்கொண்டு வந்த பிள்ளைகளில் சிலர் திரும்பிப் போக மறந்துவிட்டபடியால், மன்னார்குடியிலும் பட்டுக்கோட்டையிலும் திருத்துறைப்பூண்டியிலும், முக்கியமாக எங்கள் முத்துப்பேட்டையிலும், நான்காவதாக ஒரு பிரகிருதி இப்போது நடமாடிக்கொண்டிருக்கிறது. ஊரார் வைத்திருக்கும் பெயர் ‘கிளவுட் தம்பி’. வயது முப்பதை ஒட்டியிருக்கும். மாடி அறையில் இரண்டு கம்பெனிகளின் இணைய இணைப்பும் ஓர் இன்வெர்ட்டரும் இருக்கும். மடிக்கணினியின் முதுகில், ஏழு ஆரங்கள் கொண்ட நீல நிறச் சக்கரம் ஒன்று ஒட்டப்பட்டிருக்கும்.

அந்தச் சக்கரத்தைக் கண்ட, லகூனுக்குப் படகோட்டும் பெரியவர் ஒருவர், “தம்பி போட்டு கீட்டு வாங்கியிருக்கீங்களா?” என்று வாஞ்சையோடு விசாரித்தார். இப்படிப்பட்ட கேள்விக்காகவே ஜன்மம் எடுத்தவர் தம்பி. கூகுள் நிறுவனத்தார் தங்கள் சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த போர்க் என்னும் ஏற்பாட்டில் பெற்ற அனுபவத்தைக் கொண்டு 2014-இல் அந்தச் சக்கரத்தைச் சின்னமாகக் கொண்ட குபர்நெட்டிஸை உலகத்தாருக்கு இலவசமாக வழங்கியதையும், மறு வருஷம் ஜூலையில் அதன் முதற்பதிப்பு பூர்த்தியானதையும், ஒரு நிரலைக் கொள்கலனில் அடைத்துவிட்டால் நூற்றுக்கணக்கான இயந்திரங்களில் எதில் இடமிருக்கிறதோ அதில் அதுவே கொண்டுபோய் உட்கார்த்திவிடும் என்பதையும், உட்கார்ந்தது செத்துப்போனால் அதுவே இன்னொன்றை எழுப்பி நிறுத்தும் என்பதையும் சாங்கோபாங்கமாக எடுத்துரைத்தார். பெரியவர் பீடியை அணைத்துவிட்டு, “எல்லாம் அதுவே பாத்துக்கும்னா, தம்பி எதுக்கு ராவெல்லாம் முழிச்சிக்கிட்டுக் கெடக்கீங்க?” என்றார். இதைக்காட்டிலும் கூர்மையான விமரிசனம் அந்தத் துறையின் மகாநாடுகளில் செய்யப்பட்டிருக்குமா என்பது சந்தேகமே.

முழித்துக் கிடப்பது முறைவேலை. புரோமிதியஸ் என்னும் கருவி கிளஸ்டர் என்னும் இயந்திரக் கூட்டத்தின் நாடியைப் பிடித்துக்கொண்டே இருக்கும். கிராஃபானா அதைக் கோடு கோடாக வரைந்து காட்டும். கோடு எல்லை தாண்டினால் தம்பியின் தலைமாட்டில் இருக்கும் கைபேசி அலறும். அலறாத இரவுகளில், ஏன் அலறவில்லை, ஒருவேளை அலறும் கருவியே படுத்துவிட்டதோ என்று எழுந்து பார்ப்பார்.

ஆபத்தான கருவிகளோடு பழகுகிறவர்களுக்கு உண்டாகும் ஜாக்கிரதை இவருக்கு வாய்த்திருப்பது நியாயமே. டெராஃபார்ம் என்று ஒரு கருவி இருக்கிறது. இத்தனை இயந்திரங்கள், இன்ன அளவு என்று எழுதிக் கொடுத்தால் அது அப்படியே நிர்மாணித்துவிடும். ஆனால் நிர்மாணிக்குமுன், சேர்க்கப்போவது எத்தனை, மாற்றப்போவது எத்தனை, அழிக்கப்போவது எத்தனை என்று திட்டத்தை எழுதிக் காட்டும். அந்தக் கடைசி எண்ணைப் படிக்காமல் சம்மதம் கொடுத்தவர்கள் அந்தத் தொழிலில் நீடிப்பதில்லை. எந்தக் கட்டளையைத் தட்டுமுன்பும், தாம் நிற்பது பரீட்சைக்கான கிளஸ்டரிலா, ஜனங்கள் உபயோகிக்கும் கிளஸ்டரிலா என்று தம்பி இருமுறை பார்ப்பார். பின்னதாயிருந்தால் திரை ரத்தச் சிவப்பாக மாறும்படி ஏற்பாடு செய்து வைத்திருக்கிறார். இவ்வளவும் உத்தமமான பழக்கங்கள்தாம். சங்கடம் என்னவென்றால், தகப்பனார் உரக்கடைக்கு அனுப்பும்போதும் தம்பி வாசற்படியில் நின்று, “ரெண்டு மூட்டை யூரியா வாங்கணும், டி.ஏ.பி.க்குப் பதில் மாத்துறது ஒண்ணுமில்ல, திருப்பிக் குடுக்கிறது ஒண்ணுமில்ல, சரியாப்பா?” என்று ஒப்புதல் கேட்பார். தகப்பனார் சரி என்று சொல்லும்வரை செருப்பில் கால் நுழையாது.

இயந்திரங்களைச் செல்லப்பிராணியாக வளர்க்காதே, மந்தை மாடாக நடத்து. பெயர் வைக்காதே, எண் போடு. நோய் வந்தால் வைத்தியம் பார்க்காதே, கழித்துவிட்டு வேறொன்றைக் கொண்டுவா என்பது இத்துறையின் ஆதார உபதேசம். மேல்நாட்டார் கண்ட மந்தை வேறு போலும். தம்பி வீட்டுக் கொட்டிலில் இருக்கும் மூன்று மாடுகளுக்கும் பெயர் உண்டு, கன்றுக்குப் பிறந்தநாள் உண்டு; மூத்தவள் லட்சுமிக்குக் காய்ச்சல் கண்டபோது, எண்ணிறந்த கொள்கலன்களை ஈவிரக்கமின்றிக் கொன்று குவித்த இதே மனிதர், கால்நடை டாக்டர் வந்து ஊசி போடும்வரை அதன் கழுத்தைத் தடவிக்கொண்டு சாணத்தின் நடுவே குந்தியிருந்தார்.

ஆனால் தம்பியின் சிரேஷ்டமான அனுஷ்டானம், பழி சுமத்தாத விசாரணை. பழுது நேர்ந்தால் யார் செய்தது என்று கேட்கக்கூடாது. எப்படி நேர்ந்தது, இனி நேராமல் என்ன செய்யலாம் என்றே கேட்க வேண்டும். தென்னந்தோப்பு மோட்டாரின் காயில் எரிந்துபோன அன்று இந்தப் புது நீதிமுறை வீட்டுத் திண்ணையில் பிரவேசித்தது. தகப்பனார், தோப்பைப் பார்த்துக்கொள்ளும் ஆள், எலெக்ட்ரீஷியன் ஆகிய மூவரையும் உட்காரவைத்து, தம்பி நோட்டில் கால அட்டவணை வரைந்தார்: விடியற்காலம் கரண்ட் வந்தது, ஒரு ஃபேஸ் வரவில்லை, சுவிட்சு போடப்பட்டது, புகை வந்தது.

“சுவிட்சை யாருடா போட்டது?”

“அது முக்கியமில்லப்பா. ஒரு ஃபேஸ் இல்லாதப்பவும் போட முடிஞ்சுச்சு பாருங்க, அதான் தப்பு.”

“யாரு போட்டான்னு தெரியாம காயில் கட்டுற காசை யாருகிட்டடா வாங்குறது?”

தம்பி தம் பிரம்மாஸ்திரத்தை எடுத்தார். 2017-ஆம் வருஷம் பிப்ரவரி 28-ஆம் தேதி, அமேசான் நிறுவனத்தின் வர்ஜீனியாக் கணினிக் கிடங்கில், சில இயந்திரங்களை மட்டும் விலக்குவதற்காகக் கட்டளை தட்டிய ஊழியர் ஒருவர் அதில் ஒன்றைத் தவறாகத் தட்டிவிட, விலகக்கூடாதவையும் சேர்ந்து விலகி, அமெரிக்காவின் எத்தனையோ வலைத்தளங்கள் ஏறக்குறைய நான்கு மணி நேரம் ஸ்தம்பித்துப்போயின. பிற்பாடு நிறுவனத்தார் வெளியிட்ட அறிக்கையில் அந்த ஊழியரின் பெயர் கிடையாது. ஒரே கட்டளையில் அத்தனை இயந்திரங்களை விலக்க அந்தக் கருவி இடங்கொடுத்ததுதான் கோளாறு என்று கண்டு, கருவியைத்தான் திருத்தினார்கள்.

தகப்பனார் நெடுநேரம் யோசித்தார். “பேரைப் போடலேன்னா, அவன் மொதலாளிக்குச் சொந்தக்காரப் பயலா இருப்பான்” என்று தீர்ப்புச் சொன்னார்.

இந்த இடத்தில், அதுவரை வாயைத் திறவாதிருந்த தோப்பு ஆள், தான் அன்று காலை ஜாம்புவானோடைக்குப் போயிருந்ததாகவும் சுவிட்சைப் போட்டது ஐயாதான் என்றும் மெல்லிய குரலில் தெரிவித்தார். தகப்பனார் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, யார் மேலும் பழி போடாத ஏற்பாட்டில் ஏதோ நியாயம் இருக்கத்தான் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார். மூன்று ஃபேஸும் வந்தாலொழிய மோட்டாரை ஓடவிடாத பெட்டி ஒன்று அந்த வாரமே தோப்பில் பொருத்தப்பட்டது.

இடையூறுகளைத் தாமே உண்டாக்கிப் பார்த்து உறுதியைச் சோதிக்கும் வழக்கம் ஒன்றும் இத்துறையில் உண்டு. நெட்ஃபிளிக்ஸ் நிறுவனத்தார் அதற்கென்றே இயந்திரங்களை இஷ்டம்போல் அணைத்துவிடும் ‘குரங்கு’ ஒன்றை நிரலாக எழுதி வைத்தார்கள். 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயலைக் கண்ட எங்கள் பிரதேசத்துக்கு அந்தக் குரங்கின் சேவை தேவைப்படவில்லை.

தம்பியின் பொறுமையை உச்சத்தில் கண்டது 2025 தீபாவளியன்று, அக்டோபர் 20-ஆம் தேதி. பகல் பன்னிரண்டேகால் மணிக்கு, வர்ஜீனியாவில் விடியற்காலம் மூன்று மணியை நெருங்கும் வேளையில், மனிதர் கை படாமல் வேலை செய்யும் இரண்டு தானியங்கிகள் ஒன்றையொன்று முந்திக்கொண்டதில், அமேசானின் டைனமோடிபி என்னும் தரவுக் களஞ்சியத்தின் விலாசம் ஏட்டிலிருந்தே அழிந்துபோயிற்று. விலாசம் தெரியாமல் உலகமெங்கும் பலநூறு சேவைகள் தடுமாறின. மேட்டூரில் திறக்கும் தண்ணீர் எங்கள் கடைமடையை எட்ட நாட்கணக்காகும், சில வருஷம் எட்டாமலும் போகும். வர்ஜீனியாவின் கோளாறோ தம்பியின் இலையில் பாயசம் விழுமுன் வந்து சேர்ந்துவிட்டது. இலைக்கு ஒரு புறம் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, திரையையே பார்த்தபடி அவர் உட்கார்ந்திருந்தார்.

“அங்க கெட்டுப்போனதுக்கு இங்கேருந்து என்னடா செய்வ?”

“ஒண்ணும் செய்ய முடியாதுப்பா. காத்திருக்கணும்.”

“காத்திருக்கிறதுக்கா சம்பளம் தர்றான்?”

“காத்திருக்கிறப்ப எதையும் தொடாம இருக்கிறதுக்கு.”

இவ்வளவு யோக்கியதை உள்ள பிள்ளைக்கு வரன் தேடும் படலம்தான் இழுத்துக்கொண்டே போயிற்று. உத்தியோகம் இன்னதென்று சொல்லத் தகப்பனாருக்குத் தெரியவில்லை. கடைசியாகப் பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்த பெண்வீட்டாரிடம் உள்ளதை உள்ளபடியே சொல்லிவிட்டார்: “முறை போட்டு வேலைங்க. எங்கயாச்சும் போயிடுச்சுன்னா அர்த்தராத்திரியில போன் வரும், எந்திரிச்சு சரிபண்ணிக் குடுப்பான். நல்லநாள் பெரியநாளுன்னு கெடையாது.” பெண்ணின் தகப்பனார் முகம் மலர்ந்து, “ஈ.பி.ன்னு நேராவே சொல்லியிருக்கலாமே, வேலை பர்மனென்ட்தானே?” என்று கேட்டுக்கொண்டே ஜாதகத்தை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார். தம்பியின் தகப்பனார் அதை மறுத்ததாக எனக்குத் தகவல் இல்லை.